லிட்டருக்கு எத்தனை ஆண்டு

பிளாட் புஷ், ஆக்லாந்து
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி செல்வராஜுக்கு,

இங்கே நான், பிரசாத், மருமகள் லக்ஷ்மிப்ரியா, பேத்தி பிரணவி எல்லோரும் சுகம். நீயும் புஷ்பவதியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் "லைசென்ஸ் கிடைச்சிடுச்சுடா" என்று தொண்டை வற்றக் கத்தினேன். நீ "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்றாய். அதனால்தான் பழையபடி காகிதத்துக்கே வந்துவிட்டேன். காகிதத்துக்குக் காது தேவையில்லை.

ஆமாம், லைசென்ஸ் வாங்கிவிட்டேன். காஞ்சிபுரத்தில் உன் அத்தானின் கிரீம் நிறக் காரை இருபது வருஷம் ஓட்டியவள்தான். ஆனாலும் இங்கே எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் மறுபடி தேற வேண்டும். அறுபத்தாறு வயதில், காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்த நான் தேர்வு எழுதுகிற பக்கம் உட்கார்ந்தேன். முதல் தடவை தோற்றுப்போனதை உன்னிடம் சொல்லவில்லை. ரவுண்டானாவில் யாருக்கோ வழி விட்டு, அவர் போகட்டும், இவரும் போகட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். மரியாதைக்கு இங்கே மதிப்பெண் கிடையாது.

இனி ஒரு கார் வேண்டும். சனிக்கிழமைகளில் கிளென் ஈடனில் ஒரு மண்டபத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன் அல்லவா? இங்கிருந்து பஸ், மானுகாவில் ரயில், நகர மையத்தில் இறங்கி இன்னொரு ரயில். போய்ச் சேருவதற்குள் நான் பாடத்தையே மறந்துவிடுகிறேன்.

இங்கே கார் விற்கும் இடத்தில் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் பெட்ரோல் கணக்கு எழுதிய தாள் ஒட்டியிருக்கும். நம் வீட்டில் வண்டி என்றால் முதல் கேள்வி "எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதானே? அந்தக் கேள்வியோடு போனேன். ஜப்பானிலிருந்து வந்த, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் ஒன்று 3.9 என்று போட்டிருந்தது, விலைதான் கூடுதல். இன்னொன்று புதிது, சின்னது, நீலம். அது உங்கள் கம்பெனி வண்டிதான், இந்தியாவில் செய்து கப்பலில் வந்தது. அதற்கு 5. கிளென் ஈடனில் என் இலங்கைச் சிநேகிதி ரதிதேவியின் வீட்டுக்காரர் இராசரத்தினம், தன்னுடைய பழைய காரைச் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அது ஒன்பது, பத்து வருமாம். ஆக, பழையதுதான் அதிகம் கொடுக்கிறது. ஆனால் குறைவாகக் கொடுக்கும் ஹைப்ரிடுக்கு ஏன் அவ்வளவு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று விளங்கவில்லை. புகை குறைவு என்பதற்காக இருக்கலாம்.

காலமெல்லாம் கார் தொழிற்சாலையில் இருந்தவன் நீ. எதை வாங்கட்டும்? யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா ஆனந்தவல்லி


படப்பை
9 மார்ச் 2025

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

நாங்கள் இருவரும் நல்லபடி இருக்கிறோம். காதில் மெஷின் மாட்டினால் பக்கத்து வீட்டு மிக்சி கேட்கிறது, புஷ்பவதி பேசுவது கேட்கவில்லை. அதுவும் ஒரு வசதிதான். (இதைப் படித்துவிட்டுத் தலையில் குட்டினாள்.)

லைசென்ஸ் வாங்கியதற்கு வாழ்த்துகள். ஆனால் 3.9 கொடுக்கும் காரா? அக்கா, அது கார் இல்லை, ரோடு ரோலர். எங்கள் வண்டி 5 கொடுக்கிறது என்று எவன் சொன்னான்? இங்கே தாராளமாக இருபது கொடுக்கும். கடல் தாண்டினால் வண்டிக்கு வயிறு பெரிதாகிவிடுமா? அந்த ஊர் பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்களா, விசாரி.

எதை வாங்குவது என்பதற்கு எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவாய்? எத்தனை ஆண்டு வைத்திருப்பாய்? முதலில் கூடுதல் விலை கொடுத்து, பிறகு பெட்ரோலில் மிச்சம் பிடிக்கிற வண்டி, நிறைய நாள் ஓட்டினால்தான் லாபம். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு வரப்போகிறவள் அதை வாங்குவது, வாடகை வீட்டுக்கு மார்பிள் தரை போடுகிற மாதிரி.

அடுத்த தைக்குள் வந்துவிடுவேன் என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் இராசரத்தினம் சாரின் பழைய வண்டியே போதும்.

மாடி தயாராகிவிட்டது. படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாயிற்று. வெஸ்டர்ன் டாய்லெட். ஜன்னல் கிழக்குப் பக்கம், காலை வெளிச்சத்தில் நீ பேப்பர் படிக்கலாம். சுவருக்கு என்ன நிறம் என்று புஷ்பவதி கேட்கிறாள்.

தம்பி,
செல்வராஜ்


பிளாட் புஷ்
30 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேறு உடம்பு உபத்திரவம் ஒன்றும் இல்லை. புஷ்பவதி குட்டிய இடம் வீங்காமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

ரோடு ரோலர் விஷயம் தெளிந்துவிட்டது. தப்பு என் மேல். பாதித் தப்பு உன் மேலும்தான், நீயும் என்னோடு சேர்ந்து நம்பினாயே!

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து ரதிதேவி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இராசரத்தினத்திடம், "உங்கள் வண்டிதான் எல்லாவற்றையும்விட அதிகம் கொடுக்கிறது" என்று புகழ்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"கொடுக்கிறதோ? டீச்சர், அது குடிக்கிறது! நூறு கிலோமீட்டருக்குப் பத்து லீட்டர் குடிக்கும்."

"ஓம், இவரும் ஒரு காலத்தில குடிச்சவர்தான்" என்றார் ரதி, பலகாரத் தட்டை நீட்டியபடி.

"அதுக்காக நீர் என்னை வித்துப்போட்டீரோ? காரையும் அப்பிடித்தான் வச்சிருக்கிறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்கிறோம். இங்கே நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று எழுதுகிறார்கள். அங்கே எண் பெரிதானால் நல்லது, இங்கே சிறிதானால் நல்லது. முப்பத்து மூன்று வருஷம் தலைகீழ் விகிதம் நடத்தினேன். "ஒரு வேலையை நாலு பேர் செய்தால் எட்டு நாள், எட்டுப் பேர் செய்தால் எத்தனை நாள்?" பதினாறு என்று எழுதிய பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். இப்போது நான் ஏற வேண்டும்.

ஆகவே 3.9 குடிக்கும் ஹைப்ரிட் ஒரு லிட்டருக்கு இருபத்தைந்துக்கு மேல் கொடுக்கிறது. உங்கள் நீல வண்டி இருபது. நீ சொன்னது சரி. பழையது பத்து.

இராசரத்தினத்தின் கார் இந்த நாட்டிலேயே செய்தது. இங்கே வீரியில் ஒரு கார்த் தொழிற்சாலை இருந்ததாம், அவர் அதில் கதவு மாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் மூடிவிட்டார்கள். உன்னைப் பற்றிச் சொன்னதும் கண் விரிந்தது. "உங்கட தம்பியிட்டக் கேளுங்கோ, அங்கயும் தண்ணி பாய்ச்சிப் பார்க்கிறவையோ?" என்றார்.

சுவருக்கு நிறம் பற்றி அவசரம் இல்லை என்று புஷ்பவதியிடம் சொல். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

அக்கா


படப்பை
20 ஏப்ரல் 2025

அக்கா,

இங்கே வெயில் கொளுத்துகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் தலைகீழ் விகிதத்தைப் புஷ்பவதிக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணியே தப்புப் பண்ணியிருக்காங்க, இனிமே என்னைக் கணக்குல திட்டாதீங்க" என்கிறாள்.

இராசரத்தினம் சாருக்கு என் வணக்கம் சொல். நாங்களும் தண்ணீர் பாய்ச்சித்தான் பார்ப்போம். எனக்கு அதுதானே வேலை? முடிந்த வண்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தி நாலா பக்கமும் தண்ணீர் அடிப்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். அந்தப் பம்பும் காற்றடிப்பானும்தான் என் காதைத் தின்றன. ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டால் நிம்மதியாக இருக்கும். அத்தனை வருஷமும் நான் தினமும் மழை பார்த்தவன், அக்கா. சித்திரையிலும் மழை.

ஒரு ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டாரை உள்ளே விட்டார்களே, நினைவிருக்கிறதா? உன்னைப் பட்டுப்புடவையோடு வண்டிக்குள் ஏற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நீ கத்தவில்லை. மேலே பார்த்தபடி இருந்தாய். ஒரு சொட்டு உன் தோளில் விழுந்தது. குறி போட என் பையில் ஒன்றும் இல்லை. நீ கைப்பையைத் திறந்து ஒரு சாக்பீஸ் எடுத்து நீட்டினாய். ஒழுகிய இடத்தில் வட்டம் போட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர், "யார்றா இது, பள்ளிக்கூடத்து வட்டம்?" என்றார். அன்றிலிருந்து குறி போட எனக்குச் சாக்பீஸ்தான்.

நீ எந்த வண்டி வாங்கினாலும் இதைச் செய். கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் கதவைச் சாத்து. காகிதத்தை இழு. சுலபமாக வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. நாலு கதவும் பார்.

எங்கள் வண்டியை வாங்கினால் எனக்குச் சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன். நம் ஆட்கள் செய்தது. அந்தக் கூண்டில் இப்போது உட்காருகிறவர்கள் நான் பழக்கியவர்கள். ஆனால் கணக்கு என்று வந்தால் கணக்குத்தான். கிலோமீட்டரையும் ஆண்டையும் நீ இன்னும் எழுதவில்லை. அதிலும் ஆண்டு முக்கியம்.

தம்பி


பிளாட் புஷ்
25 மே 2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. பிரணவிக்குச் சளி, இப்போது தேவலை. உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அந்தச் சொட்டு விழுந்த தோள் எது என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. இடது தோள். ஆனால் அங்கே மழை வாசனை இல்லை, புது ரப்பர் வாசனை.

இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தேன். முதலில் ஹைப்ரிட். விற்பனைக்காரப் பெண் பக்கத்தில், பிரசாத் பின்னால். ரெடவுட் ரோட்டில் ஏறிவிட்டு இறக்கத்தில் வருகிறேன். திடீரென்று எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. டயர் உருளும் ஓசை மட்டும்தான். நான் பயந்துபோய், "வண்டி ஆஃப் ஆயிடுச்சு!" என்றேன். "அம்மா, அது அப்படித்தான். இறக்கத்துல பெட்ரோல் வேண்டாம்னு அதுவே அணைச்சுக்கும்" என்றான் பிரசாத்.

உனக்கு ஏற்காட்டு இறக்கம் ஞாபகம் வருகிறதா? உன் அத்தான் செய்வது அதுதானே! மேட்டில் ஏறியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, "ஆனந்தி, இனிமே கீழே வரைக்கும் இலவசம்" என்பார். நீ பின்சீட்டிலிருந்து, "அத்தான், பிரேக் பிடிக்காது, வேண்டாம்" என்று கெஞ்சுவாய். அவர் சிரிப்பார். பெட்ரோலில் நாலு காசு மிச்சம் பிடிக்க மூன்று உயிரைப் பணயம் வைத்த மனுஷன். அவர் போய் நாலு வருஷம் கழித்து, அந்த மௌனத்தை ஒரு ஜப்பான் வண்டிக்குள் கேட்டேன். விற்பனைக்காரப் பெண் நான் ஏன் ஓரமாக நிறுத்தினேன் என்று கேட்டாள். கண்ணில் தூசி என்று சொன்னேன்.

பிறகு உங்கள் நீல வண்டி. கதவுச் சட்டத்தில் ஒட்டிய தகட்டில் இந்தியா என்று எழுதியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி காகிதத் துண்டு வைத்து நாலு கதவையும் சோதித்தேன். கிழிந்ததே தவிர வரவில்லை. விற்பனைக்காரர், "மேடம், நீங்கள் எஞ்சினியரா?" என்றார். இது தம்பி சொல்லிக்கொடுத்தது என்றேன்.

"உள்நாட்டுத் தயாரிப்புதான் வாங்கணும்னு மாமா சொல்றார்" என்றேன் பிரசாத்திடம். "நமக்கு எதும்மா உள்நாடு? இங்க எதுவுமே கப்பல்ல வந்ததுதான். நாமளே பிளேன்ல வந்தவங்க" என்றான். அந்தத் தகட்டை இன்னொரு தடவை பார்த்தேன்.

எது என்று முடிவுக்கு வர முடியவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


படப்பை
3 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் ஜூன் நடுவிலேயே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

பிரசாத் புஷ்பவதியிடம் பேசினான். உனக்கு அங்கேயே நிரந்தரமாக இருக்க விசா வந்துவிட்டதாகச் சொன்னான். பங்குனியிலேயே வந்துவிட்டதாம். "மாமாவுக்குத் தெரியாதா அத்தை?" என்று அவன் கேட்டிருக்கிறான். தெரியும் என்று புஷ்பவதி சொல்லிவிட்டாள்.

சந்தோஷமான செய்தி.

வண்டிக்கு நான் கணக்குப் போட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள். இங்கே நல்ல மழை.

செல்வராஜ்


பிளாட் புஷ்
17 ஆகஸ்ட் 2025

என் அன்புத் தம்பிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் எந்தக் கடிதமும் வந்ததில்லை. இதுதான் வேகமாக வர வேண்டுமா என்று இருந்தது.

உடம்பு நலம்தான். மனதுக்கு நலம் இல்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை கேள்விக்கு விடை தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பான். தெரியவில்லையோ என்று நாம் நினைப்போம். தெரியும், சொன்னால் அடுத்தது என்ன என்றுதான் பயம். நான் அந்தப் பிள்ளை மாதிரி இருந்துவிட்டேன். நீ எத்தனை ஆண்டு என்று கேட்கும்போதெல்லாம் நான் லிட்டரைப் பற்றி எழுதினேன்.

விசா வந்த நாளில் பிரசாத் கேசரி வாங்கி வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மாடிப்படிக் கைப்பிடிதான் கண் முன் நின்றது. அத்தான் போனபோது, "அக்கா, நம்ம ரெண்டு பேர்தான் மிச்சம், என்கூட வந்து இரு" என்று நீ சொன்னதற்கு, பேத்தி பள்ளிக்கூடம் சேரும்வரைதான் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அவள் சேர்ந்துவிட்டாள். நான் கிளம்பவில்லை.

ஏன் என்று உனக்கு நேராகச் சொல்கிறேன். பேத்திக்காக என்று சொன்னால் நீ ஒப்புக்கொள்வாய், ஆனால் அது முழு உண்மை இல்லை. உன் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவீர்கள். காபி மாடிக்கே வரும். நான் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பேன். இங்கே சனிக்கிழமை பதினோரு பிள்ளைகள், தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டு, எனக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும் போல் இருக்கிறது, தம்பி.

ரதியிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னது: "ஊருக்குப் போறதெண்டால் போங்கோ, அக்கா. இருக்கிறதெண்டால் இருங்கோ. ஆனால் போறன் போறன் எண்டு சொல்லிக்கொண்டு மட்டும் இருக்காதேங்கோ. நாங்கள் முப்பது வருஷம் அப்பிடித்தான் இருந்தனாங்கள். ஒரு நல்ல சோபாகூட வாங்கேல்லை."

ஆகவே நீ கேட்டதற்குப் பதில். ஆண்டு: பத்து என்று வைத்துக்கொள். எழுபத்தைந்தில் டாக்டர் சான்று கேட்பார்களாம், அதையும் வாங்கி ஓட்டுவேன்.

உன் கணக்கு வராமல் நான் வண்டி வாங்க மாட்டேன்.

அக்கா


பிளாட் புஷ்
12 அக்டோபர் 2025

தம்பி செல்வராஜுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் செய்தால் புஷ்பவதி எடுக்கிறாள், நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறாள். எத்தனை கடை இருக்கிறது உங்கள் தெருவில்?

இராசரத்தினத்தின் கார் போய்விட்டது. பழைய வண்டிக்கு இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து 'வாரண்ட்' என்ற சான்று வாங்க வேண்டும். அடித்தட்டு துருப்பிடித்துவிட்டதாம், கொடுக்கவில்லை. இழுத்துப்போகும் லாரி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மனிதர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார், சாத்தினார். மறுபடி திறந்தார், சாத்தினார். "கதவு இண்டைக்கும் சத்தமில்லாமல்தான் பூட்டுப்படுது, டீச்சர். என்ர பக்கத்தில பிழையில்லை" என்றார். ரதி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "உங்கட தம்பிக்கு எழுதுங்கோ, அவருக்கு விளங்கும்" என்று வாசலிலிருந்து திரும்பிச் சொன்னார். எழுதிவிட்டேன்.

நீ திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


படப்பை
26 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

புஷ்பவதி எழுதிக்கொள்வது. இவர் உடம்பு நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம். கடைக்கெல்லாம் போகவில்லை. நீங்கள் போன் செய்யும்போது மாடியில் உட்கார்ந்திருப்பார்.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் வந்த நாளே காலண்டர் தாளைத் திருப்பிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். முடித்தும் விட்டார். முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை போல. மறுபடி போடுகிறார். அதே விடை வருகிறது. "எத்தனை தடவை போட்டாலும் அதேதானே வரும்? அண்ணிக்கு அனுப்புங்க" என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நேற்று கார் போன கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம், "அந்த இலங்கைக்காரரைப் பார்க்கணும் போல இருக்கு" என்றார்.

எழுதுவார், அண்ணி. நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். சுவருக்கு இளம் பச்சை அடித்துவிட்டோம்.

புஷ்பவதி


படப்பை
9 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நலமாக இருக்கிறேன். கடைக்குப் போகவில்லை, மாடிக்குத்தான் போனேன். புஷ்பவதி உனக்கு எழுதியது தெரியும். தபால்தலையை என் டப்பாவிலிருந்துதான் எடுத்தாள்.

கணக்கு இதுதான். கிலோமீட்டர் நீ சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டேன். உன்னைத் தெரியாதா? ஸ்டியரிங் கையில் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டாய். ஆண்டுக்கு இருபதாயிரம் வைத்தேன். பத்து ஆண்டு. பெட்ரோல், சர்வீஸ், நடுவில் ஒரு தடவை ஹைப்ரிடுக்குப் பேட்டரி மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தேன். எங்கள் வண்டி தோற்றுவிட்டது, அக்கா. ஹைப்ரிட்தான். கொஞ்ச வித்தியாசம் இல்லை, நிறைய.

எங்கள் வண்டி ஜெயிக்கட்டும் என்று ஐந்து ஆண்டு போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நெருங்கி வந்தது. ஒரு ஆண்டு போட்டால் ஜெயித்தது. ஆனால் நீ பத்து என்று எழுதியிருக்கிறாய். நீ கொடுத்த எண்ணை நான் மாற்றக் கூடாது.

ஹைப்ரிடை வாங்கு. இறக்கத்தில் அத்தான் உன்னோடு வருவார். இந்தத் தடவை பிரேக்காவது பிடிக்கும்.

மாடியைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் கேட்கிறார்கள். விடலாமா? உன்னைக் கேட்காமல் விட எனக்கு மனசில்லை. அதில் ஒருத்தி தண்ணீர்க் கூண்டில்தான் இருக்கிறாளாம். அவளிடம் சாக்பீஸ் கதையைச் சொன்னேன். இப்போதெல்லாம் ஏதோ பேனா கொடுக்கிறார்களாம்.

இராசரத்தினம் சாரிடம் சொல்: கதவு சத்தமில்லாமல் சாத்தினால் அந்த ஆள் தன் வேலையைச் சரியாகச் செய்தான் என்று அர்த்தம். அடித்தட்டுக்கு அவர் பொறுப்பில்லை.

உன் தம்பி
செல்வராஜ்


பிளாட் புஷ்
14 டிசம்பர் 2025

என் அருமைத் தம்பிக்கும் புஷ்பவதிக்கும்,

நாங்கள் அனைவரும் சுகம். உன் கடிதத்தை இராசரத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

உன் கணக்கைத் திருத்த உட்கார்ந்தேன். பழக்கம் விடவில்லை, சிவப்புப் பேனாவே எடுத்தேன். கூட்டல் சரி. பெருக்கல் சரி. ஒரு இடத்தில் மட்டும் தப்பு. இருபதாயிரம் கிலோமீட்டரா? என்னை டாக்சி ஓட்டப் போகிறேன் என்று நினைத்தாயா? சனிக்கிழமை கிளென் ஈடன், வாரநாளில் பிரணவியின் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை கோயில். கூட்டிப் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. இவ்வளவு குறைவாக ஓட்டுகிறவளுக்கு ஹைப்ரிட் மிச்சம் பிடித்துத் தருவது மிகக் கொஞ்சம். நீ ஆண்டிலேயே குறியாக இருந்து கிலோமீட்டரை உத்தேசமாகப் போட்டுவிட்டாய். நான் ஆண்டை மறைப்பதிலேயே கவனமாக இருந்து கிலோமீட்டரைச் சொல்ல மறந்தேன். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மதிப்பெண்.

மீதி வரும் அந்தக் கொஞ்ச வித்தியாசத்தை நான் தள்ளிவிட்டேன். இறக்கம் வந்தால் அத்தான் எந்த வண்டியிலும் வருவார். அவருக்கு ஹைப்ரிட் வேண்டாம்.

போன வாரம் நீல வண்டியை வாங்கிவிட்டேன். கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். அப்புறம் குனிந்து நானே நசுங்கிய பழத்தைப் பொறுக்க வேண்டியிருந்தது, இங்கே கார் நிறுத்துமிடத்தில் குப்பை போடக் கூடாது. பிரசாத் கதவுத் தகட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான், பார்.

மாடியை அந்தப் பெண்களுக்கு விடு. பச்சை நிறம் அவர்களுக்குப் பிடிக்கும். தைக்கு வருகிறேன், ஒரு மாதம், டிக்கெட் போட்டாயிற்று. கீழே ஹாலில் உன் டிவி பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். சத்தமாக வைத்துக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேற்று கிளென் ஈடனிலிருந்து திரும்பும்போது பெரிய மழை. வைப்பர் போதாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நாலா பக்கமும் தண்ணீர், நடுவில் நான். புது ரப்பர் வாசனை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, ஆனால் அப்படித் தோன்றவில்லை. மேலே பார்த்தேன். கதவு ஓரமெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தேன், நீ செய்கிற மாதிரி.

கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தேன், தம்பி. மழை விடும்வரை பார்த்தேன். வட்டம் போட ஓர் இடம் கிடைக்கவில்லை.

உன் அக்கா
ஆனந்தவல்லி